பெயர்ப்பட்டியலை உரக்கப் படித்த ஊர்



ஊழலைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. எதிர்த்துப் பேச ஆளே இருக்காது. லஞ்சம் வாங்குகிறவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுத்தான் போவார். ஆகவே ஊழல் தீது என்று நிறுவுவதில் நேரம் போக்க வேண்டாம். பதவியும் பணமும் படிப்பும் இல்லாத மக்கள் அதை எப்படிக் கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்ற கதைக்கு நேரே போய்விடலாம்.

கதை நடந்தது ராஜஸ்தானில். பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்றொரு ஊர். 1994 டிசம்பர் 2-ஆம் தேதி அங்கே ஊரார் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் படிக்கப்பட்டது அரசாங்கக் காகிதம். மஸ்டர் ரோல் என்பார்களே, வேலைக்கு வந்தவர் பெயர், வேலை பார்த்த நாள், வாங்கிய கூலி எல்லாம் எழுதிய பட்டியல், அதுதான். ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்கப் படிக்க, கேட்டுக்கொண்டிருந்த ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. செத்துப்போனவர்கள் மண் சுமந்து கூலி வாங்கியிருந்தார்கள். ஊரைவிட்டே போனவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள். பட்வாரி அலுவலகம், நம் ஊர் வழக்கில் சொன்னால் வி.ஏ.ஓ. ஆபீஸ், கட்டி முடித்தாயிற்று என்று கணக்கு எழுதப்பட்டிருந்தது. கட்டிடம் அங்கேதான் நின்றது, கூரை இல்லாமல்.

இந்தக் கூட்டத்துக்கு ஜன் சுன்வாயி என்று பெயர். மக்கள் விசாரணை என்று சொல்லலாம். நீதிபதி கிடையாது, வக்கீல் கிடையாது. காகிதம் ஒரு பக்கம், அந்தக் காகிதத்தில் பெயர் வந்த மனிதர் ஒரு பக்கம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டால் மற்றது தானாக நடக்கும்.

இதை நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளிகள், விவசாயிகளின் அமைப்பு. 1990 மே தினத்தன்று தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவரான அருணா ராய் நம் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. 1968-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, எழுபதுகளின் நடுவில் அதை உதறிவிட்டு ராஜஸ்தானுக்குப் போனவர். 1987-இல் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். உடன் இருந்தவர்கள் நிகில் தே, சங்கர் சிங். இந்தச் சங்கர் சிங் பொம்மலாட்டக்காரர். ரத யாத்திரைகள் புகழ்பெற்றிருந்த காலத்தில், ஊழலைத் தலைவராக்கி 'கோட்டாலா ரத யாத்திரை', அதாவது ஊழல் ரத யாத்திரை, என்று கேலி ஊர்வலம் விட்டவர் இவர். ஊழல் என்றாலே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவர்கள் ஊரைச் சிரிக்க வைத்தே கணக்குக் கேட்டார்கள்.

அவர்கள் தொடங்கிய இடம் ஊழலே இல்லை, கூலி. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் வேலையை முழுக்க முடிக்கவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். சரி, புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட அலுவல் ரகசியச் சட்டம், குளத்தில் வெட்டிய மண்ணின் கன அளவுக்கும் காவல் நின்றது! எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் அந்தச் சிக்கலின் முடிச்சை முதலில் கண்டுகொண்டார்கள். காகிதம் வெளியே வராதவரைக்கும் நாம் சொல்வது பொய், அவர்கள் எழுதியது மெய். அவ்வளவுதான் விஷயம்.

ஏன் இந்த முறை பலித்தது? தலைநகரிலிருந்து வரும் தணிக்கையாளருக்குக் கூட்டல் சரியா, ரசீது இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும். பட்டியலில் பதினேழாவதாக இருக்கும் ஆள் போன வருஷமே காலமாகிவிட்டார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஊருக்குத் தெரியும். சிமென்ட் எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை மூட்டை ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போயிற்று என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். பீம் என்ற ஊரில் நடந்த விசாரணையில், லட்சக்கணக்கில் பில் போட்ட கம்பெனி ஒன்று காகிதத்தில் மட்டுமே இருந்தது வெளியாயிற்று. அலமாரியில் பூட்டி வைத்திருக்கும்வரை அந்த பில் குறையே இல்லாத பில். ஊர் நடுவே படித்தபோதுதான் அது திருட்டு.

முதலில் காகிதம் கிடைத்தது சட்டத்தால் இல்லை, மனச்சாட்சியுள்ள ஓர் அதிகாரியின் தயவால். அந்தத் தயவு வெகுநாள் நீடிக்கவில்லை. ஊராட்சிக் கணக்கை வைத்திருந்த கிராம சேவகர்கள், ஆவணம் தர மாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் கேள்விப்பட்டிருக்கிறோம், கணக்குக் காட்ட மாட்டோம் என்று வேலைநிறுத்தம் கேள்விப்பட்டதுண்டா?

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சி ஆவணங்களின் நகல் மக்களுக்குக் கிடைக்கும் என்று சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். வருஷம் ஒன்று ஓடியது. உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள், நல்ல வெயில் காலம். ஊர் வணிகர்கள் காய்கறி கொடுத்தார்கள், சாதாரண ஜனங்கள் காசு போட்டார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் அவர்கள் போட்ட கோஷத்தின் பொருள். அதை எழுப்ப யாருக்கும் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் ஐம்பது நாளுக்கும் மேல் இன்னொரு தர்ணா. அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தி சொன்னார். நீங்கள் கேட்கும் உத்தரவு ஆறு மாதம் முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதே! தகவல் பெறும் உரிமை வழங்கப்பட்ட தகவலையே ரகசியமாக வைத்திருந்தார்கள். எந்த நகைச்சுவை எழுத்தாளர் இதை எழுதியிருந்தாலும் மிகை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டியிருப்பார்.

அந்த உத்தரவின் பலன் 1998 ஜனவரியில் தெரிந்தது. குக்கர்கேடா என்ற ஊராட்சியில் ஆவணங்களை வாங்கி ஊர் முன்னே படித்தபோது, ஊராட்சித் தலைவியாக இருந்தவர் ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கோர்ட்டு இல்லை, போலீஸ் இல்லை. முகம் தெரிந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவே. பிறகு 2000-இல் ராஜஸ்தானுக்கு ஒரு தகவல் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்கும் ஒன்று.

இங்கே நம் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் பேச வேண்டும், குறையோடு சேர்த்து. இந்தியாவில் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆண்டு 1997. ஆனால் அந்தச் சட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள் இருந்தன. கேட்கலாம் என்று ஒரு கையால் கொடுத்து, இதைக் கேட்காதே, அதைக் கேட்காதே என்று மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். தெருவில் உட்கார்ந்து வாங்கிய சட்டத்துக்கும் கோட்டையிலிருந்து இறங்கி வந்த சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று சொன்னால் தவறில்லை.

உத்திரமேரூரையும் சொல்லாமல் தமிழ்நாட்டு மேடை நிறைவு பெறாதே. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, பொது ஆண்டு 919-ம் 921-ம். குடவோலை முறையைப் பெருமையாகச் சொல்வோம். அந்தக் கல்வெட்டிலேயே இன்னொரு விதி இருக்கிறது, அதை மேடைகளில் அதிகம் கேட்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் இன்றைய உள்ளாட்சித் தேர்தலில் கொண்டுவந்தால் வேட்பு மனு எத்தனை தேறும் என்பதை அவையோரின் கற்பனைக்கு விட்டுவிடலாம்.

கணக்கை ஊரறியச் செய்வது இந்தியாவுக்கு மட்டும் உரிய வைத்தியம் இல்லை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, பள்ளிகளுக்கென்று அரசு அனுப்பிய மாணவர் நலப் பணத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் அச்சடித்தார்கள், பள்ளி வாசலில் ஒட்டினார்கள். 2001-இல் போய்ச் சேர்ந்த பங்கு எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த உயர்வு முழுவதும் செய்தித்தாளால் வந்ததா என்று பொருளியல் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தலைமை ஆசிரியர் கையில் எண் இருந்தால் அதிகாரியின் முன் அவர் நிற்கும் விதமே வேறு.

சரி, நம் தெருவுக்கு வருவோம். போன வருஷம் போட்ட சாலை இந்த மழைக்குக் கரைந்துவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? டீக்கடையில் திட்டுகிறோம், வாட்ஸ்ஆப்பில் படம் போடுகிறோம். அல்லது ஆத்திரத்தோடு ஒரு மனு: சாலை ஏன் கரைந்தது, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை? தகவல் உரிமைச் சட்டத்தில் இப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் வெறுங்கைதான். 'ஏன்' என்ற கேள்விக்கு விளக்கம் எழுதும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தச் சாலையின் மதிப்பீடு, வேலை உத்தரவு, ஒப்பந்ததாரர் கொடுத்த பில், பொறியாளர் எழுதிய எம்-புக் என்ற அளவுப் புத்தகம். தடிமன் இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று எம்-புக்கில்தான் இருக்கும். சாலை வெளியே இருக்கிறது, அளக்க நாடா கடையில் கிடைக்கும்.

கட்டணம் பத்து ரூபாய். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 வரை, அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் இதே சட்டம் உரிமை தருகிறது. தாரும் ஜல்லியும் கூடத் தகவல்தான்.

எல்லா ஊழலும் காகிதத்தில் அகப்படாது. பட்டா மாறுதலுக்கு மேசைக்கடியில் நீளும் கைக்கு ரசீது ஏது? அங்கே வேறு வழி. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் புகார் கொடுத்தால், கொடுக்க வேண்டிய நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் தடவித் தருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். நாளிதழ்களில் வாரந்தோறும் படிக்கும் 'ரசாயனப் பவுடர் தடவிய நோட்டு' இதுதான். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் முன்கூட்டியே புகார் சொல்லிவிட்டுப் பொறி வைக்கக் கொடுப்பவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. கட்டாயத்தால் கொடுத்துவிட்டவருக்கும் ஏழு நாள் அவகாசம் உண்டு, அதற்குள் போய்ச் சொல்ல வேண்டும். ஏழு நாள் கழித்துக் கோபம் வந்து பயனில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, அங்கே நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பெயர் கசிந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். குஜராத்தின் கிர் காட்டுச் சுரங்கங்களை எதிர்த்து மனு மேல் மனு போட்ட அமித் ஜேத்வா 2010 ஜூலையில் ஆமதாபாத்தில், உயர்நீதிமன்றத்துக்கு அருகிலேயே கொல்லப்பட்டார். ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். நடைமுறைக்குக் கொண்டுவராமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். தனி வீரர்களை நம் சினிமா கொண்டாடுகிறது, ஆனால் தனியாக நிற்பவரை முடித்துவிடுவது எளிது என்பதை ஊழல் செய்பவர் நன்றாக அறிவார். கோட் கிரானாவில் பட்டியலைப் படித்தது ஒருவர்தான், கேட்டது ஊர். யாரை மிரட்டுவது? ஆகவே மனுவில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அதே கேள்வியோடு வேறு பத்துப் பேர் தனித்தனி மனு போடட்டும். பதில் வந்தவுடன் கிராம சபையில் எல்லார் காதிலும் விழப் படிக்கட்டும். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு 2022-இல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்றானது. டீயும் பிஸ்கட்டும் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடும் சபைகளே அதிகம். அந்தப் புத்தகத்தில் ஒரு சாலையின் கணக்கு ஏறட்டும்.

கடைசியாக ஒரு சங்கடம். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றி எழுதியது. முன்பு, பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். மஸ்டர் ரோலில் உள்ள பெயர் தனிப்பட்ட தகவல்தானே என்று நாளை ஓர் அலுவலர் கேட்டால்? செத்தவர் பெயர் என்பதைப் பெயரைக் காட்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அருணா ராயின் தோழர்களும் தகவல் உரிமை அமைப்புகளும் இதைத்தான் கேட்கிறார்கள். நல்லவேளையாக 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் விலக்குக்குள் வரும் தகவலையும் தரலாம் என்கிறது அது. இனி மனு எழுதுகிறவர்கள் என்ன பொதுநலன் என்பதை இரண்டு வரியில் எழுதி, அந்தப் பிரிவின் எண்ணையும் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது. மறுத்தால் மேல்முறையீட்டில் வாதாட அதுதான் கைகொடுக்கும்.