துடைத்த பலகை



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையோடு வாழ்ந்தவன் யான். ஆதலின் கணிப்பொறியைப் பற்றிப் பேசப் புகும்போதும் கரும்பலகையே என் கண்முன் வந்து நிற்கின்றது.

என் இல்லத்தில் 2012ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி ஒன்று உண்டு. அதன் நினைவகம் 2 ஜிபி. அடுத்த வீட்டு மாணவி ஒருத்தி தன் கல்லூரி ஆய்வுக் கட்டுரையை அதில் தட்டச்சுச் செய்ய வந்தாள். பொறியை முடுக்கிவிட்டு வீட்டிற்குச் சென்று காப்பி அருந்தி மீளலாம்; அப்போதும் அது விழித்திராது. திரையிலோ பழைய வினாத்தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் நிழற்படங்களுமாக எள் விழ இடமில்லை. அவள் தந்தையார் கடன்பட்டுப் புதுப்பொறி வாங்க முனைந்தார். நெசவுத் தொழிலாளியான அவருக்கு அக்கடன் எத்தகைய சுமை என்பதை யான் அறிவேன்.

அந்நாளில் என் பழைய மாணாக்கன் ஒருவன் வந்தான். "ஐயா, பொறிக்கு முதுமை வரவில்லை, தலையில் சுமைதான் மிகுதி" என்றான். அவன் விளக்கியதை எனக்குப் பழகிய முறையிலே கூறுகிறேன். நினைவகம் கரும்பலகை, வன்தட்டு அறைக்கோடியிலுள்ள அலமாரி. பொறி விழித்ததும் நாம் கேளாமலே பல செயலிகள் வந்து பலகையில் எழுதத் தொடங்குகின்றன. பலகை நிறைந்துவிட்டால், எழுதியதை ஏட்டிற் பெயர்த்து அலமாரியில் வைப்பதும், வேண்டும்போது ஓடிச்சென்று எடுத்து வருவதுமாகவே பொழுது கழிகின்றது. அலமாரிக்கு நடக்கும் நடைதான் நாம் காணும் தாமதம்.

கோப்புகளையெல்லாம் வேறொரு தட்டிற் படியெடுத்தபின் (இதனை மறந்தோர் அழக் கண்டிருக்கிறேன்) அவன் லினக்ஸ் இயங்குதளத்தையும் எக்ஸ்எப்சிஇ என்னும் திரைச்சூழலையும் நிறுவினான். ஒலிவியே ஃபூர்தான் என்பார் 1996இல் தொடங்கிய எளிய சூழல் அது. மேலே ஒரு பட்டை, அதில் ஒரு கடிகாரம்; எஞ்சியது வெற்றிடம். இதனினும் எளியனவும் உள. 2006இல் தோன்றிய டிடபிள்யூஎம் என்னும் சாளர மேலாளரை ஆக்கியோர், அதன் நிரல் 2,000 வரிகளுக்கு மேற்போகலாகாது எனத் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டனர்!

முதல் நாள் அவ்வெறுமை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டைக் காலி செய்தாற்போல இருந்தது. பொறியை நிறுத்தும் பொத்தானைக்கூடத் தேடினேன். நான்காம் நாளோ, கடிதம் எழுத அமர்ந்தவன் கடிதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பல ஆண்டுகளாக எனக்கு வாய்க்காத ஒன்று அது.

ஆயினும் திரை எளிதானால் இணைய உலாவியும் எளிதாகிவிடாது. இருபது பக்கங்களை ஒருங்கே திறந்தால் பழைய தாமதம் திரும்பி வரும். மாணவியும் அதனைக் கண்டு, இரண்டு மூன்று பக்கங்களோடு நிறுத்திக்கொண்டாள். வெற்றுத்திரைக்கு வண்ணம் தேர்வதிலேயே மாலைப்பொழுதைப் போக்கும் இளைஞரும் உளர். திரை துப்புரவாக இருக்கும், பாடம் மட்டும் எழுதப்பட்டிராது.

தந்தையார் கடன் வாங்கவில்லை. கட்டுரை முடிந்த நாளன்று திரையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதனை அச்சிட்டுக்கொண்டு, உரிய கோப்புறையில் இட்டுவிட்டு, அவள் பொறியை நிறுத்தினாள்.