திரை பேசும் இடத்தில் மனிதன் பேசுவதில்லை

('நல்ல பீர் விற்கும் கடைகளில் விளையாட்டு நேரடி ஒளிபரப்பு தேவையா, தேவையில்லையா?' என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'தேவையில்லை' அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பைக் கேட்டதும் என் மனைவி, "பேசப் போறது சரி, தலைப்புக்காக ஆராய்ச்சி பண்றேன்னு ராத்திரி எங்கேயும் போயிடாதீங்க" என்றார். ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை, நடுவர் அவர்களே. பழைய அனுபவத்தை வைத்தே பேச வந்திருக்கிறேன். குடியைப் புகழவும் வரவில்லை. குடியால் கெட்ட குடும்பங்கள் நம் சமூகத்தில் எத்தனை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடை இருக்கிறது, மக்கள் போகிறார்கள். போகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "காற்பந்து பிடிக்காதவர்கள்தான் அந்த அணியில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அக்கா, 1994-ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங்கை நான்குக்குப் பூஜ்யம் என்று சிங்கப்பூர் வென்ற இரவில், எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஆடியவர்களில் நானும் ஒருவன். என் அப்பாவும் ஆடினார். ஆகவே இது காற்பந்துக்கு எதிரான கட்சி அல்ல. எதற்கு எது இடம் என்று கேட்கிற கட்சி.

தலைப்பில் ஒரு சொல்லை எதிரணி மறந்துவிட்டது. 'நல்ல' பீர். அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

2007-இல் ஓராண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் படித்தேன். எஃகு ஊர். உலகின் மிகப் பழைய காற்பந்துக் கழகமான ஷெஃபீல்டு கழகம் 1857-இல் தொடங்கியது அங்கேதான். யுனைட்டெட், வெட்னஸ்டே என்று இரண்டு பெரிய குழுக்கள். காற்பந்து ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிரித்துவிடும் ஊர் அது.

அந்த ஊரில் என் அறைக்குப் பக்கத்தில் இரண்டு பப்கள் இருந்தன. ஒன்றில் எட்டுத் திரை. இன்னொன்றில் ஒரு திரையும் இல்லை. திரை இல்லாத கடையில் எட்டு வகைப் பீர் இருந்தது! நான் அங்கே முதலில் போனது ஆரஞ்சுச் சாறு குடிக்கத்தான் என்று சொன்னால் நடுவர் நம்பமாட்டார், ஆகவே சொல்லவில்லை.

அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். அவர்கள் போற்றும் பீர் உயிருள்ளது. பீப்பாய் கடைக்கு வந்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறையில் 11 முதல் 13 பாகை வெப்பத்தில் வைத்து, கைப்பிடியை இழுத்து மேலேற்றி ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்தால் ஏறத்தாழ மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வீட்டில் மறந்து வைத்த தோசை மாவு போலப் புளித்துவிடும்.

இந்தப் பீர் ஒரு காலத்தில் அழியும் நிலையில் இருந்தது. பெரிய ஆலைகள் வாயு அடைத்த பீரை நாடு முழுவதும் தள்ளிவிட்டன. அப்போது 1971-இல் நான்கு ஆங்கிலேயர்கள் சேர்ந்து 'காம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நான்கே பேர். பேசிப் பேசித்தான் அந்த இயக்கம் வளர்ந்தது. இந்த நான்கு என்ற எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

அதற்கும் முன்பே, 1946-இல், ஜார்ஜ் ஆர்வெல் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். தமக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். பீர் வகையைச் சொன்னார், தோட்டத்தைச் சொன்னார். அந்தக் கடையில் வானொலியும் இல்லை, பியானோவும் இல்லை, பேசுவதற்கு ஏற்ற அமைதி உண்டு என்பதையும் மறக்காமல் சொன்னார். கடைசியில்தான், அப்படி ஒரு கடையே கிடையாது, எல்லாம் தம் கற்பனை என்று உண்மையை உடைத்தார். தொலைக்காட்சி பப்புக்குள் புகாத காலத்திலேயே அந்த மனிதருக்கு அந்தக் கவலை!

இனி எதிரணி வைத்த மூன்று வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம், வியாபாரம். "ஆட்டம் காட்டினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் அந்த உயிருள்ள பீரும் மூன்று நாளில் தீரும்" என்றார் எதிரணித் தம்பி. நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி ஒரு நாளாவது கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறாரா? இடைவேளை 15 நிமிடம். அறுபது பேர் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். கையால் இழுத்து, நுரை அடங்கும்வரை பொறுத்து ஊற்ற வேண்டிய பீரை யார் கேட்பார்கள்? சட்டென்று நிரம்பும் குளிர்ந்த லாகரைத்தான் கேட்பார்கள். ஆட்டம் முடிந்தால் கூட்டமும் போய்விடும். திங்கள், செவ்வாய்க்கிழமை பீப்பாயைக் காலி செய்கிறவர் ஆட்டக் கூட்டத்து ஆள் அல்ல. பேச்சுத் துணைக்காக வருகிற பழைய வாடிக்கையாளர். அவரைத்தான் திரை முதலில் விரட்டுகிறது.

ஒளிபரப்பு என்ன இலவசமா? 1992-இல் பிரிமியர் லீக் தொடங்கியது முதல் நேரடி ஆட்டம் கட்டணத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. பப்புக்கான சந்தா வீட்டுச் சந்தாவைவிடப் பல மடங்கு. போர்ட்ஸ்மத் நகரில் கேரன் மர்ஃபி என்ற பெண்மணி ஒரு பப் நடத்தினார். உள்ளூர்ச் சந்தா கட்டுப்படியாகாமல், குறைந்த விலையில் கிடைத்த கிரேக்க நாட்டு ஒளிபரப்பு அட்டையை வாங்கி ஆட்டம் காட்டினார். வழக்கு வந்தது, கிட்டத்தட்ட 8,000 பவுன் செலுத்த வேண்டியதாயிற்று. விடாமல் போராடி ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனார். 2011 அக்டோபரில் தீர்ப்பின் முக்கியப் பகுதி அவர் பக்கம் வந்தது. 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை நீக்கியது. அவர் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பீர் ஊற்றிப் பிழைக்க வந்த ஒரு பெண், ஆட்டம் காட்டுவதற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டுமா? பெரிய கடை அந்தச் சந்தாவைத் தாங்கும். சிறிய கடை தாங்காது. தாங்கினாலும் அந்தக் காசு எங்கிருந்து வரும்? நம் கிளாஸிலிருந்துதான் வரும்.

இரண்டாவது வாதம், "வீட்டில் சந்தா கட்ட முடியாதவர் எங்கே போவார்?" என்பது. நியாயமான கேள்வி. நான் எல்லாக் கடையிலும் திரையைக் கழற்றச் சொல்லவில்லை. ஆட்டம் பார்க்கவென்றே நடக்கும் கடைகள் நடக்கட்டும், அங்கே போய்ப் பாருங்கள். இங்கிலாந்திலேயே ஒரு விதி இருக்கிறது, நடுவர் அவர்களே. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டில் காற்பந்தை நேரடியாக ஒளிபரப்புவதில்லை. மூன்று மணி ஆட்டத்தை அங்கே தொலைக்காட்சியில் காட்டிவிட்டால், சிறிய குழுக்களின் திடலுக்குப் போகிறவர்கள் நின்றுவிடுவார்களே என்ற கவலை. அதே ஆட்டம் இங்கே நமக்கு இரவு பத்துக்கோ பதினொன்றுக்கோ நேரடியாக வருகிறது! திரை வந்தால் திடலில் ஆள் குறையும் என்பதைக் காற்பந்துக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திரை வந்தால் மேசையில் பேச்சு குறையும் என்று நான் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

மூன்றாவது வாதம்தான் கனமானது. "ஆட்டம் மக்களை ஒன்றுசேர்க்கிறது. தெரியாதவர்கூடக் கட்டிப்பிடிக்கிறார்" என்றார் அக்கா. உண்மை. கோல் விழுந்த அந்த அரை நிமிடம் எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். மீதி எண்பத்தொன்பதரை நிமிடம்?

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஷெஃபீல்டு வேண்டாம். எங்கள் பேட்டைக் காப்பிக்கடை போதும்.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை மாலை அவரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் காப்பிக்கடையில் உட்காருவார்கள். நான்கு பேர். ஒரு பெரிய போத்தல் பீர், நான்கு சின்னக் கிளாஸ், பனிக்கட்டி. அது இங்கிலாந்துக்காரர் சொல்லும் உயர்ந்த பீர் இல்லை. 1932 முதல் இந்த ஊரில் விற்கிற டைகர்தான். ஆனால் ஒரு போத்தலை இரண்டு மணி நேரம் குடித்தார்கள். காரணம், வாய் வேறு வேலையில் இருந்தது. மகனுக்குத் தேசிய சேவை, மகளுக்கு வரன், தீமிதிக்கு யார் காப்பு கட்டுகிறார், யார் வீட்டில் கடன் என்று எல்லாம் அந்த மேசையில்தான். என் பள்ளிக் கட்டணத்துக்கு ஒருமுறை காசு போதாமல் போனபோது, கைமாற்று கிடைத்ததும் அந்த மேசையில்தான்.

2002 உலகக் கிண்ணத்தின்போது கடையில் பெரிய திரை வந்தது. கிண்ணம் முடிந்தது, திரை இறங்கவில்லை. சனிக்கிழமை எட்டு மணிவாக்கில் ஓர் ஆட்டம், பிறகு இன்னோர் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்த நான்கு பேரும் நாற்காலியைத் திருப்பி ஒரே வரிசையாகிவிட்டார்கள், பேருந்தில் உட்கார்ந்த மாதிரி. பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. ஒரு போத்தல் மூன்று போத்தல் ஆனது. பேச்சு இல்லாத வாய்க்குக் குடிப்பதைத் தவிர வேறு வேலை என்ன?

சில ஆண்டுகள் இப்படியே போயின. அந்த நால்வரில் ஒருவர் லாரி ஓட்டுநர். நான் மாமா என்று அழைப்பேன். ஒரு நாள் அவர் மகன் தொலைபேசியில் அழைத்து, மருத்துவமனைக்கு வரச் சொன்னான். புற்றுநோய், முற்றிய நிலை. அப்பா ஆடிப்போய்விட்டார். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, "ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார். மாமா சொன்னார்: "மூணு சனிக்கிழமை சொல்லணும்னுதான் வந்தேன். ஆட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

நடுவர் அவர்களே, மூன்று சனிக்கிழமையும் என் அப்பா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு இளைத்ததைப் பார்க்கவில்லை. எந்தக் குழு எத்தனை கோல் போட்டது என்பது நினைவிருந்தது. கூட்டாளி கிளாஸைத் தொடாமல் வைத்திருந்தது நினைவில்லை.

அப்பா முன்பே அறிந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா? மாட்டார். அதை நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆனால் அந்த மூன்று வாரப் பாரத்தை அவர் தனியாகச் சுமந்திருக்க வேண்டியதில்லை. திரையில்தான் குற்றமா என்று எதிரணி கேட்கலாம். கண்ணைத் திருப்பியவர்கள் நாங்கள்தானே? ஆம், எங்கள் குற்றமும் உண்டு. ஆனால் மனிதன் பலவீனமானவன். ஓடுகிற படம் எதிரே இருந்தால் அவன் கண் அங்கேதான் போகும். அதை அறிந்துதானே கடைக்காரர் மாட்டுகிறார்?

இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. விரும்பிய ஆட்டத்தைப் பேருந்திலும் பார்க்கலாம், படுக்கையிலும் பார்க்கலாம். ஆட்டம் பார்க்க ஆயிரம் இடம் வந்துவிட்டது. ஒருவன் இன்னொருவனிடம், "உனக்கு என்ன ஆச்சு, முகமே சரியில்லையே" என்று கேட்க எத்தனை இடம் மிச்சம் இருக்கிறது? இங்கே 2015 சட்டத்தின்படி இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் உட்கார்ந்து குடிக்கவும் முடியாது. ஆகவே உரிமம் பெற்ற கடைதான் மிச்சம். அந்த ஒரே இடத்தையும் வர்ணனையாளரின் கூச்சலுக்குக் கொடுத்துவிட்டால், மனம் விட்டுப் பேச நினைப்பவன் எங்கே போவான்?

நல்ல பீரை ஆக்குகிறவர் அதற்குப் பொறுமை வேண்டும் என்கிறார். நல்ல கூட்டாளிக்கும் அதே பொறுமைதான் வேண்டும். இரண்டையும் அவசரப்படுத்துகிற பொருள் அந்தக் கடைச் சுவரில் வேண்டாம் என்பதே எங்கள் அணியின் வாதம்.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் வயது. பீரை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நால்வரில் இருவர்தான் மிச்சம். சனிக்கிழமை மாலை அந்த இருவரும் எங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். காப்பிக்கடை இருபது அடி தூரம்தான். கோல் விழுந்தால் சத்தம் இங்கேவரை கேட்கும். அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.