கைமாறி வந்த பாலிஷ் மெஷின்



கார் பாலிஷ் என்றால் எதையோ பூசிப் பளபளப்பாக்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாலிஷ் மெஷின் பெயின்டின் மேல் எதையும் சேர்ப்பதில்லை, கொஞ்சம் தேய்த்து எடுக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் காரில் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெயின்டின் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலாக இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூடத் தேறாது. தூசியோடு துணி போட்டுத் துடைப்பதால் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் விழுவது இந்த அடுக்கில். கீறலைச் சுற்றியுள்ள மேற்பரப்பைக் கீறலின் ஆழத்துக்கு இறக்கிச் சமன் செய்வதுதான் பாலிஷ். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரான் போகும். போனது போனதுதான்.

இவ்வளவு மெல்லிய இடத்தில் ஓடுகிற மெஷினைப் பழசாக வாங்கலாமா, வாங்கினால் எப்படித் தேற்றுவது என்பதே இன்றைய பேச்சு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்து பார்க்கத் துணிந்தவர் பழசு வாங்கலாம். துணியாதவருக்குப் புதுசே லாபம்.

பாலிஷ் மெஷினில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ரோட்டரி: மோட்டார், ஒரு ஜோடி பல்சக்கரம், ஒரு ஸ்பிண்டில், அவ்வளவுதான். பெயின்டில் படும் மெத்தையான பேட் ஒரே அச்சில் சுற்றும். மற்றொன்று டூயல் ஆக்‌ஷன்: பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே அச்சிலிருந்து விலகியும் வட்டமடிக்கும். இதற்குள் எதிர் எடையும் தனி பேரிங்கும் இருக்கின்றன. இவை தேய்ந்துவிட்டால் மெஷின் கையை உதறும். சரிசெய்யும் செலவில் பாதி மெஷின் வாங்கிவிடலாம். பேட்டரியில் ஓடுவதைப் பழசாக வாங்கினால் மெஷினோடு அடுத்தவர் தீர்த்த பேட்டரியையும் வாங்குகிறீர்கள். ஆகவே, பழசில் நம்பிக் கைவைக்கத் தக்கது வயர் உள்ள ரோட்டரிதான்.

உதாரணத்துக்கு மகிட்டாவின் 9227சி. நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எடை மூன்று கிலோ. உலகம் முழுக்க, காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் கடைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த மாடல். மகிட்டா 1915இல் ஜப்பானின் நகோயாவில் மோட்டார் ரிப்பேர் பார்த்து விற்கும் கடையாகத்தான் பிறந்தது. 1958இல் மின்சார இழைப்புளி செய்த பிறகே கருவிக் கம்பெனியானது. பிறந்த குணம் போகவில்லை போலும். இந்த மெஷினில், சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து உள்ளே தேயும் கார்பன் பிரஷ்ஷை மூடியைத் திருகி வெளியிலிருந்தே எடுத்துவிடலாம். இப்படிப் பிரித்துப் பூட்ட வழி வைத்த மெஷின்தான் இரண்டாம் கைக்கு ஏற்றது. இரண்டாயிரம், மூன்றாயிரத்துக்குக் கிடைக்கும் ஊர்பேர் தெரியாத புது மெஷினுக்கு அடுத்த வருஷம் கார்பன் கிடைக்குமா என்று கடைக்காரரே சொல்ல மாட்டார்.

பழைய சாமான் கடையில் இந்த மெஷின்களுக்கு ஒரு பூர்வகதை உண்டு. சில, பெயின்டிங் பட்டறையிலிருந்து வரும். சில, தரைக்கு மார்பிளும் கிரானைட்டும் தேய்த்த இடத்திலிருந்து வரும். கல்தூள் குடித்த மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அந்தத் தூள் பேரிங்கைத் தின்றிருக்கும்.

முதலில் மெஷினின் மேலுள்ள பெயர்ப்பலகையைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினில் 110 அல்லது 120 வோல்ட் என்றிருக்கலாம். அதை நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு சரி. சுற்று எவ்வளவு என்றும் பாருங்கள். நான்கு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரையே பேட் மாட்டி பாலிஷர் என்று நீட்டுவார்கள். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது. பெயின்டில் வைத்தால் எரித்துவிடும். அடுத்து ஸ்பிண்டிலின் மரை. இங்கே வழக்கம் 14 மில்லி; அமெரிக்க மெஷினில் ஐந்தெட்டு இஞ்ச் வரும், பேடைத் தாங்க இங்கே விற்கும் பேக்கிங் பேட் அதில் ஏறாது.

பிறகு, கரண்ட் கொடுக்காமலே ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நறநறவென்றால் பேரிங். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. வயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு முதலில் விழுவது அங்கேதான்.

கடைசியில் ஸ்விட்ச். குறைந்த வேகத்தில் ஓட்டி, பின்பக்கக் காற்றுத் துளை வழியாக நிழலில் நின்று உள்ளே பாருங்கள். கார்பன் தொடும் இடத்தில் நீலமாகச் சின்னச் சின்னப் பொறி தெரிந்தால் அது இயல்பு. பொறி மஞ்சளாக, கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போய்விட்டது, அல்லது போகப்போகிறது. கூடவே வார்னிஷ் கருகிய வாடை வந்தால் மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள். அப்படியும் வாங்க நினைத்தால், ஆர்மேச்சருக்குக் காயில் கட்டும் கடை உங்கள் ஊரில் இருக்கலாம். ஆனால் கட்டும் கூலியையும் விலையோடு கூட்டிப் பார்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வாங்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். துளைகளில் அடைந்திருப்பது வெறும் தூசி அல்ல. பாலிஷுக்குத் தடவும் காம்பவுண்டு காய்ந்த தூளும், கம்பளிப் பேடிலிருந்து உதிர்ந்த நூலும் சேர்ந்து பஞ்சுத் திட்டாகப் படிந்திருக்கும். மோட்டார் சூடேறிச் சாவதற்குப் பெரும்பாலும் இந்தத் திட்டுதான் காரணம், மூச்சுவிட வழியில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கிளறி, பஞ்சர் கடைக் காற்றால் ஊதி எடுக்கலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் உடம்பைத் துடைக்க, பட்டறையில் எல்லாக் கறைக்கும் ஒரே மருந்தான தின்னரை எடுக்காதீர்கள். தின்னர், பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிக்கை வெளுக்கவைத்து வெடிக்கவிடும். கம்பெனிக் கையேடுகளே தடுக்கின்றன. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

கார்பன் பிரஷ்ஷில் எல்லைக்கோடு இருக்கும். அதுவரை தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒற்றையாக மாற்றினால் அழுத்தம் ஏறுமாறாகும். கூட்டுக்குள் கார்பன் தடையில்லாமல் நழுவுகிறதா என்று பாருங்கள். கம்யூட்டேட்டர் பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் அதைச் சீண்டாதீர்கள். அந்தப் பழுப்பு நல்லது. கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை மரக்குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். எமரி ஷீட் வேண்டாம். அதன் தூள் பள்ளத்தில் சிக்கினால் மின்சாரம் குறுக்கே பாயும்.

தலைப்பகுதியைத் திறந்தால் பல்சக்கரம். பழைய கிரீஸ் பாகு முற்றிய கருப்பட்டிபோல் கறுத்து ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். பல் வறண்டு கிடக்கும். வழித்தெடுத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள். அளவோடுதான் வைக்க வேண்டும். வழிய வழிய அப்பினால் சூட்டில் இளகி மோட்டாருக்குள் இறங்கும். அப்படியே பூட்டி, புதுக் கார்பன் போட்டிருந்தால் சுமை இல்லாமல் சில நிமிஷம் மெதுவாக ஓடவிடுங்கள். கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பக் கார்பன் படிந்துகொள்ளும்.

மெஷினோடு வந்த பேடை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். முன்பு எந்த முரட்டுக் காம்பவுண்டு அதில் ஓடியதோ, எந்த மணல் துணுக்கு ஒட்டியிருக்கிறதோ! நீங்கள் எடுக்க நினைக்கும் கீறலைப் புதிதாகப் போடுவதற்கு அந்த ஒரு துணுக்கு போதும்.

முதல் ஓட்டத்தைச் சொந்தக் காரில் செய்ய வேண்டாம். சென்னையில் இருப்பவருக்கு, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை பக்கத்தில் இருக்கிறது. பழைய பானெட் ஒன்றை வாங்கிப் பழகலாம். வேகம் ஆயிரத்துக்குச் சற்று மேலே. பேடைப் பெயின்டில் வைத்த பிறகு ஸ்விட்ச். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கதவு ஓரம், பானெட் மடிப்பு இங்கெல்லாம் பெயின்ட் மெலிந்திருக்கும், டேப் ஒட்டிவிடுங்கள். அவ்வப்போது புறங்கையால் தகட்டைத் தொடுங்கள், சுட்டால் நகருங்கள்.

பழசைத் தேற்றுவதில் மிச்சமாகும் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மெஷினைப் பிரித்துப் பூட்டியவருக்கு அதன் சத்தம் புரியும். அழுத்தம் கூடும்போது மோட்டார் திணறுவதும், பேட் சாய்ந்தால் சுருதி மாறுவதும் காதுக்குப் பிடிபடும். பெயின்ட் எரிவதற்கு முன் கை தானாக விலகும். இந்தக் கலையில் நல்ல கைக்கும் முரட்டுக் கைக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். ஆகவே, டீட்டெய்லிங் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. தொழில் பழக வரும் தம்பிகளிடம் முதலில் காம்பவுண்டு டப்பாவை நீட்டாதீர்கள். ஒரு பழைய ரோட்டரியையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொடுங்கள். அதை ஓடவைத்துக் காட்டிய பிறகு காரைக் கொடுக்கலாம்.