புழுவைப் பிறக்க விடாத குளவி



பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் விளைகிறது. அந்த நெல்லுக்குப் பெரிய எதிரி குருத்துப்பூச்சி. இது மஞ்சள் நிற அந்துப்பூச்சி. நெல் இலையின் நுனியில் குவியலாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். இளம் பயிரில் நடுக்குருத்து காயும். கதிர் வரும் சமயத்தில் தாக்கினால் வெண்கதிர்தான் வரும். அதில் மணி இருக்காது. உழுததும் நட்டதும் வீணாகும்.

தண்டுக்குள் போன புழுவை மருந்து எட்டுவது கடினம். அதனால் புழு பிறக்கும் முன்பே தடுக்க வேண்டும்.

அந்த வேலையை ஒரு சிறு குளவி செய்கிறது. பெயர் டிரைக்கோகிரம்மா. இது ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. மனிதரைக் கொட்டாது. பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். குளவியின் குஞ்சு உள்ளே இருப்பதைத் தின்று வளரும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும்.

இந்தக் குளவிகளை அட்டையில் வளர்க்கிறார்கள். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் இதற்கு அரசு ஆய்வகம் உண்டு. நெல்லுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்ற வகை ஏற்றது. ஏக்கருக்கு ஒரு தடவை 2 சி.சி. அட்டை வேண்டும். அதில் சுமார் 40,000 குளவிகள் இருக்கும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, வயல் முழுவதும் குச்சிகளில் கட்ட வேண்டும். காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது.

எப்போது தொடங்குவது? வயலில் அந்துப்பூச்சி தென்பட்டதும் தொடங்க வேண்டும். ஒரே தடவையில் எல்லா முட்டைகளும் அழியாது. ஆகவே வாரம் ஒரு முறை, 5 அல்லது 6 வாரம் கட்ட வேண்டும்.

இரண்டு வயல்களை நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் அட்டை கட்டினார்கள். ஒருவர் மறுநாளே பூச்சிமருந்து தெளித்தார். குளவிகள் செத்தன. அட்டைக்கும் செலவு, மருந்துக்கும் செலவு. மற்றவர் மருந்தைத் தொடவில்லை. குளவிகள் வேலை செய்தன.

காசு கொடுக்காமலே உதவும் குளவிகளும் உண்டு. இடுக்கி ஏலத்தோட்டங்களில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவைச் சில குளவிகள் தாமாகவே தாக்குகின்றன. கண்டபடி மருந்து அடித்தால் அவையும் சாகும்.

இன்னொன்று. அட்டையில் தேதி எழுதியிருக்கும். நாள் கடந்த அட்டையிலிருந்து குளவிகள் முன்பே பறந்திருக்கும். வெறும் அட்டையைக் கட்டிப் பயனில்லை. வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். பிறரைக் கேட்க வேண்டாம். நீங்களே படியுங்கள்.