புதையல் பூதமும் உலோக யந்திரமும்

(பாரிவாக்கத்தில் செய்த பிரசங்கம்)

பூமிக்குள் புதையல் இருக்கிறதென்றும், அதைப் பூதம் காக்கிறதென்றும், மை போட்டுப் பார்த்தால் இடம் தெரியுமென்றும் சொல்லி ஏழைகளின் நகையையும் நிலத்தையும் விற்க வைத்த பித்தலாட்டம் நமக்குப் புதிதல்ல. இப்போது மைக்காரனும் நாகரிகம் அடைந்துவிட்டான். வெற்றிலைக்குப் பதிலாக உலோகம் காட்டும் யந்திரத்தோடு வருகிறான். அது கத்தியதும், "பத்தடி ஆழத்தில் பொற்குடம், பூசைக்குப் பணம் எடு" என்கிறான். யந்திரம் பொய் சொல்லுமா என்று படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஆகவே யந்திரம் என்னதான் சொல்லுகிறது என்று பார்ப்போம்.

யந்திரத்தின் அடியிலுள்ள வட்டில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் காந்த சக்தியை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது காசின் மேல் பட்டால் காசுக்குள் சிறு மின்சாரம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி உண்டாக்கும் காந்த சக்தி மேலே வந்து சுருளைத் தொடுகிறது. இதுவே சத்தம். இதில் பூதத்துக்கு வேலையில்லை.

அந்தச் சக்தி போகும்போதும் குறைகிறது, வரும்போதும் குறைகிறது. வட்டின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், ஆழம் இரட்டித்தால் சத்தம் பாதியாவதில்லை. ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. ஒற்றைக் காசைச் சாதாரணக் கைக்கருவி ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம் வரைதான் அறியும். அதற்கும் கீழே போனால் மண்ணிலுள்ள இரும்புச் சத்தும் கலந்து, யந்திரம் காட்டும் எண்ணே பிசகிவிடும். பொன் இரும்பாகத் தோன்றலாம். மேலே கிடக்கும் சோடா மூடியோ ராஜா காசைப் போலக் கத்தும்!

2013-இல் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் ஜில்லாவில், ஒரு சாமியாரின் கனவில் ராஜா வந்து 1,000 டன் தங்கம் இருப்பதாகச் சொன்னாராம். பூமியைச் சோதித்த பெரிய கருவிகளும் 5 முதல் 20 மீட்டர் ஆழத்தில் உலோகம் இருக்கக்கூடும் என்று காட்டின. சர்க்கார் தொல்பொருள் இலாகாவே தோண்டியது. தங்கம் கிடைக்கவில்லை, பானை ஓடுகள் போன்ற பழம்பொருள்களே கிடைத்தன. "இருக்கக்கூடும்" என்ற சொல்லை "இருக்கிறது" என்று மாற்றியது யந்திரமல்ல, மனிதனின் ஆசை.

2020 பிப்ரவரியில் நமது திருவானைக்காவல் கோயிலில் 7 அடி ஆழத்தில் 505 பொற்காசுகள் ஒரு பாத்திரத்தில் கிடைத்தன. எந்தச் சாமியும் கனவில் வரவில்லை. அங்கே நாள்தோறும் பூசை செய்தவர்களும் காட்டிக் கொடுக்கவில்லை. குழி தோண்டியபோது அகப்பட்டது. அவ்வளவுதான்!

தோழர்களே! ஆழம் கூடக் கூட யந்திரத்தின் குரல் தேய்கிறது. மந்திரவாதியின் கூலியோ ஏறுகிறது. தன் சக்திக்கு எட்டாததை எட்டாது என்று ஒப்புக்கொள்வது எது, ஒப்புக்கொள்ளாதது எது என்று நீங்களே யோசியுங்கள். புதையல் அகப்பட்டால் 1878-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவியுங்கள். அகப்படும் முன்பே பூசைக்குப் பணம் கேட்பவனைப் போலீசுக்குத் தெரிவியுங்கள். அவன் தேடும் புதையல் மண்ணுக்குள் இல்லை. உங்கள் மடியில்தான் இருக்கிறது.