விடைபெறும் பறவைகள்

ஐப்பசி மழையில் ஏரிகளுக்கு நீர் வந்ததும் வடதிசை வாத்துகள் வந்து இறங்குவதை ஊரார் பலரும் காண்பர். மாசி, பங்குனியில் அவை திரும்பிச் செல்வதைக் காண்போர் மிகச் சிலரே. ஆசிரியனாக இருந்த நாளில் வகுப்பிலேயே இதைக் கண்டிருக்கிறேன். “வாத்துகள் எப்போது வந்தன?” என்று கேட்டால் பல கைகள் உயரும். “எப்போது போயின?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இரண்டாம் வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் பழம்பெருமை வாய்ந்த ஊர். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, அங்கே பரமேசுவர தடாகம் என்னும் ஏரி வெட்டப்பட்டதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே நீர் கொணரப்பட்டதையும் கூறுகிறது. உழவுக்காக முன்னோர் வெட்டிய ஏரிகள் பறவைகளுக்கும் உணவுக் களஞ்சியங்கள் ஆயின.

ஓய்வு பெற்ற பின்னர், காலை வேளையில் கூரத்து ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். மாசியில் அங்கே சில மாறுதல்களைக் காணலாம். நீலச்சிறகி என்னும் சிறு வாத்து வந்த புதிதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறமாய் இருக்கும். இப்போதோ ஆணின் கண்ணுக்கு மேல் வெண்பட்டை தெளிவாகத் தெரியும். மஞ்சள் வாலாட்டியின் மங்கிய மார்பு எலுமிச்சை நிறம் பெறும். பொறி உள்ளான்கள் சேற்றோரத்தில் ஓயாது இரை தேடும். தகைவிலான்கள் மாலையில் மின்கம்பிகளில் வரிசையாக வந்து அமரும். இவை யாவும் பயணத்துக்கான ஆயத்தங்கள்.

வெயிலுக்கு அஞ்சியே அவை செல்கின்றன என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வெயில் கடுமையாகும் முன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. பகற்பொழுதின் மாறுதலைப் பறவையின் மூளை உணர்கிறது. உடலுக்குள் இயங்கும் ஆண்டுக் கடிகாரமும் துணை செய்கிறது. கனடாவில் வில்லியம் ரோவன் என்னும் அறிஞர் 1920-களில் கூண்டுப் பறவைகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டிக் காட்டினார். கடுங்குளிர் காலத்திலும் அவற்றின் உடல் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாயிற்று.

இவ்வாறு தூண்டப்பட்ட பறவைக்குப் பசி மிகும். தின்ற உணவு தோலுக்கடியில் கொழுப்பாகச் சேரும். அந்தக் கொழுப்பே வழிப்பயணத்துக்குரிய கட்டுச்சோறு. நீலச்சிறகி போக வேண்டிய இடமோ மத்திய ஆசியாவும் சைபீரியாவும். பல்லாயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கான சோற்றை அது நம் ஏரிச் சேற்றில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ஏரி தையிலேயே வற்றினாலும், குப்பையால் தூர்ந்தாலும் அது வெறுங்கையோடு புறப்பட நேரும்.

இத்திரும்பு பயணத்தைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூதாக அனுப்பியது, தெற்கே குமரி சென்று வடக்கே மீளும் நாரையைத்தான்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஏரியில் காணும் பறவைகள் அனைத்தும் சைபீரியாவிலிருந்து வந்தவை என்று சிலர் கூறுவர். அது சரியன்று. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் கொக்குகளும் நம் நாட்டிலேயே பிறந்து வளர்பவை. வாத்துகள் விடைபெறும் வேளையில் இவை குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் மக்கள், பறவைகளைச் சுடாதபடி 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு பெற்றனர். 1936-இல் அது சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் கருத்தாய் இருந்ததால் பறவைகள் பிழைத்தன.

நாமும் கருத்தாய் இருக்க வேண்டுமானால் எழுதிப் பழக வேண்டும். பறவை வந்த நாள் தன்னைத்தானே அறிவித்துவிடும். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது. கடைசியாகக் கண்ட நாள் அத்தகையதன்று. பங்குனி 10-ஆம் நாள் ஐந்து நீலச்சிறகிகளைக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே இறுதிக் காட்சி என்பது அன்று நமக்குத் தெரியாது. 11, 12, 13 ஆகிய நாட்களிலும் சென்று பார்த்து, ‘இல்லை’ என்று எழுதிய பின்னரே 10-ஆம் நாள் கடைசி நாள் என்பது விளங்கும். ஆதலால், கண்டதை எழுதுவது போலவே காணாததையும் எழுதுங்கள்.

இது சிறு வேலை என்று எண்ணாதீர்கள். 1899-இல் டென்மார்க்கு நாட்டுப் பள்ளி ஆசிரியர் மோர்ட்டன்சென், பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டுப் பறக்கவிட்டார். இன்று உலகெங்கும் அம்முறை வழங்குகிறது. நம் நாட்டில் 2007-இல் தொடங்கிய ‘மைக்ரன்ட் வாட்ச்’ என்னும் முயற்சி, வலசைப் பறவைகள் வந்த நாளையும் சென்ற நாளையும் பொதுமக்களிடமிருந்தே திரட்டியது. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர் எழுதி வைத்த குறிப்புகளே. நீண்ட காலப் போக்கை அறிய முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்து வருவதாக அது கூறுகிறது. எழுதியோர் இல்லையேல் இக்குறைவும் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

ஒரு குறிப்பேடு, ஓர் ஏரிக்கரை, நாள்தோறும் கால் மணி நேரம்; இவை போதும். நாள், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை, நீரின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூரத்தில் ஏரி வெட்டிய செய்தியை அன்று செப்பேட்டில் எழுதி வைத்தனர். உங்கள் ஊர் ஏரிக்கு வந்துபோகும் பறவைகளின் கணக்கை எழுதும் பணி உங்களுக்கு மீதமிருக்கிறது.