களமும் கல்வியும்



தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த திருக்கோவிலூருக்கு இரண்டு பழைய நினைவுகள் உண்டு. மழை பெய்த ஓர் இரவிலே முதலாழ்வார் மூவரும் ஒரு குறுகிய இடைகழியில் ஒதுங்கினர் என்பது ஒன்று. அவ்விடம் ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் மட்டுமே போதுமாயிருந்தது என்பர். மற்றொன்று, ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்று. பாரி மறைந்தபின் அவனுடைய மகளிர் இருவரையும் கபிலர் தம் பொறுப்பாக ஏற்றார். அரசர் வாயில்தோறும் அலைந்து, அவர்களை உரிய இடத்தில் சேர்த்தபின்னரே உயிர் துறந்தார் என்பது மரபு. இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்றும் கபிலரின் செய்தியைக் குறிக்கிறது.

கல்லூரியில் விளையாட்டு வீரர்களாக விளங்கும் மாணவர்களின் படிப்பைப் பற்றி இன்று பேச வந்த நான், இவ்விரு நினைவுகளையும் காரணத்தோடுதான் சொன்னேன். படிப்பு, பயிற்சி, வீட்டுக் கடமை ஆகிய மூன்றும் விளையாட்டு மாணவன் ஒருவனின் நாளுக்குள்ளே இடைகழியில் நின்ற மூவரைப்போல் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் இடமில்லை. அவனை ஏற்றுக்கொண்ட ஆசிரியனுக்கோ, உரிய இடத்தில் சேர்க்கும்வரை பொறுப்பு நீங்குவதில்லை. இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு தவற்றிலிருந்து கற்றேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வரலாறு படிக்க வந்த மாணவன் ஒருவன் என் பொறுப்பிலே இருந்தான். கபடிக் களத்தில் அவன் பாடிச் செல்லும்போது எதிரணியினர் தாமாகவே இரண்டடி பின்வாங்குவர். பல்கலைக்கழக அணிக்கு அவன் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் காலை வணக்கக் கூட்டத்தில் அவனுக்கு மாலை அணிவித்தவன் நான்தான்.

அதே பருவத்தின் முடிவில், வருகைக் குறைவினால் தேர்வெழுதத் தகுதியிழந்தோர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அதில் அவன் பெயர் முதலிலே இருந்தது.

கணக்கைக் கேளுங்கள். பருவத்தின் வேலைநாட்கள் 90. தேர்வெழுத 75 விழுக்காடு, அதாவது 68 நாள் வருகை வேண்டும். அவன் வராத நாட்கள் 47. அவற்றுள் 16 நாட்கள் பல்கலைக்கழகப் பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் உரியவை; விதிப்படி அவை வருகையாகவே எண்ணப்பட வேண்டியவை. எஞ்சிய 31 நாட்கள் ஊர்த் திருவிழாக்களில் விளக்கொளியில் இரவெல்லாம் நடக்கும் கபடிப் போட்டிகளால் கழிந்தவை. அப்போட்டிகளில் கிடைத்த பரிசுப் பணம் அவன் வீட்டுக்கு அரிசியாகச் சென்றது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அந்தப் பதினாறு நாட்களுக்குரிய சான்றுகளை அவன் ஒழுங்காக என்னிடம் கொடுத்திருந்தான். அவற்றுள் 6 நாட்களுக்கு உரியவற்றை மட்டுமே நான் அலுவலகத்தில் சேர்த்திருந்தேன். மற்றவை என் மேசையின் இழுப்பறையிலே கிடந்தன. அவற்றையும் சேர்த்திருந்தால் அவனுடைய வருகை 59 நாட்களாகி, 65 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். அப்போது எங்களுக்கிருந்த விதிப்படி, கட்டணம் செலுத்தி விலக்குப் பெற்று அவன் தேர்வெழுதியிருக்கலாம். நாள் கடந்தபின் அச்சான்றுகளை எடுத்துக்கொண்டு நான் ஓடியதில் பயன் ஏதும் விளையவில்லை.

அவன் அந்தப் பருவத்தை இழந்தான். அதன்பின் கல்லூரியையே இழந்தான். சில ஆண்டுகள் கழித்துத் திருக்கோவிலூர்ப் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய வேலை ஒன்று வந்ததாகவும், பட்டச் சான்றிதழ் கேட்டதால் கைவிட்டுப் போனதாகவும் சொன்னான். பிறகு, சற்றும் கோபமின்றி, "ஐயா, ஆட வா என்று எல்லோரும் அழைத்தார்கள். உட்கார்ந்து படி என்று ஒருவரும் சொல்லவில்லை" என்றான். இழுப்பறையில் கிடந்த தாள்களைப் பற்றி அவனுக்கு அன்றுதான் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நேயர்களே, விளையாட்டுத் திறனுக்காக மாணவர்களைக் கல்லூரியிலே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நன்கு வேரூன்றியிருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் அவர்களுக்கென இடங்கள் உள்ளன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் தோன்றியது. பல்கலைக்கழகங்களுள் விளையாட்டில் சிறந்து விளங்குவதற்கு அளிக்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையோ 1956-57 முதல் வழங்கப்பட்டு வருகிறது. வாயிலைத் திறந்துவிடுகிறோம், கோப்பையும் தருகிறோம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள மூன்றாண்டுப் பாதையில் அம்மாணவனுடன் நடந்து செல்பவர் யார்? இதுவே என் கேள்வி.

அமெரிக்க நாட்டிலே கல்லூரி விளையாட்டு பெருஞ்செல்வம் புரளும் துறை. அங்கே விளையாட்டு மாணவர்களுக்குக் கல்வி ஆலோசனை கூறுவதற்கென்றே தனி அலுவலர்கள் இருக்கின்றனர். போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி தரலாகாது என்பது அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. முதல்தரப் பிரிவில் ஆடுவோர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பட்டப்படிப்பில் 40 விழுக்காட்டையும், மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் 60 விழுக்காட்டையும், நான்காம் ஆண்டு முடிவதற்குள் 80 விழுக்காட்டையும் முடித்திருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கின்றனர். இவை நல்ல ஏற்பாடுகளே.

ஆயினும் அங்கும் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடவாத பாடங்கள் பெயரளவில் இருந்தன. ஒரே ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்தால் உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. 3,100 பேருக்கு மேற்பட்ட மாணவர் அவற்றில் சேர்ந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அவர்களை அவ்வழியிலே செலுத்தியவர்களுள் ஆலோசகர் சிலரும் இருந்தனர் என்பதை 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை காட்டியது. மாணவனைக் களத்தில் நிறுத்தி வைப்பதற்காகச் சொல்லப்படும் ஆலோசனை வேறு. மாணவனுக்காகவே சொல்லப்படும் ஆலோசனை வேறு. முன்னது அவனுக்கு மதிப்பெண்ணைத் தந்து கல்வியைப் பறித்துவிடும்.

"இரண்டையும் ஒருவனால் செய்ய இயலுமா?" என்று நீங்கள் கேட்கலாம். 1954ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆக்சுபோர்டில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்த ரோஜர் பானிஸ்டர், அப்போது இலண்டனில் மருத்துவ மாணவர். அன்று காலையிலும் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டே புகைவண்டி ஏறினார். பின்னாளில் நரம்பியல் மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றினார். நம் வெங்கடராகவன் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலே பயின்றவர்; 1965இல் தம் பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய அணியில் ஆடத் தொடங்கினார். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தபோதே, 2024இல் பாரிசு பாராலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இவர்களைச் சொல்லி உங்களை மிரட்ட நான் விரும்பவில்லை. பதக்கம் பெறாத பலருக்கே படிப்பு மேலும் தேவை. புரோ கபடிப் போட்டிகள் 2014இல் தொடங்கின. 2017 முதல் அதில் 12 அணிகள் ஆடுகின்றன. அணிக்கு இருபது பேர் என்று கொண்டாலும், நாடு முழுவதற்கும் 240 பேருக்குத்தான் இடம். நம் மாவட்டத்தில் மட்டும் ஊருக்கோர் அணி இருப்பதை நினைத்துப் பாருங்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் களம் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், திரும்பாமலும் போகலாம். அன்று அவனைத் தாங்குவது எது?

இனி, நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

பருவத்தின் முதல் வாரத்திலேயே கல்லூரி நாட்காட்டியையும் போட்டி நாட்காட்டியையும் அருகருகே வைத்து, மோதும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுபடத்தக்க 22 நாட்களை உண்டியற் பணமாகக் கருதுங்கள். எடுக்க எடுக்க மீதி எவ்வளவு என்பதை எழுதி வாருங்கள். போட்டிச் சான்றை ஊர் திரும்பிய மறுநாளே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் கேளுங்கள். ஆசிரியரிடம் ஒப்பம் கேட்பது மரியாதைக் குறைவன்று. என்னிடம் அன்றே ஒருவன் கேட்டிருந்தால் அவனுடைய வாழ்வு வேறாகியிருக்கும்.

வாரத்துக்கு 168 மணி நேரம் உண்டு. உறக்கத்துக்கு 56, வகுப்புக்கு 30, பயிற்சிக்கு 18, உணவு, குளியல், பயணம் ஆகியவற்றுக்கு 28 என ஒதுக்கினாலும் 36 மணி எஞ்சும். அவற்றுள் பன்னிரண்டைப் படிப்புக்குக் கொடுத்தால் போதும். வகுப்பில் ஒரு தோழனைக் குறிப்புத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் நடந்த பாடம் அவன் ஏட்டில் இருக்கும். எளிது என்று பிறர் சொல்லும் பாடத்தை எடுக்காதீர்கள். ஆட்டம் நின்றபின் எது உங்களுக்குச் சோறு போடும் என்று கேட்டு எடுங்கள். உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர்க்கும் ஒரு பட்டம் துணையாகும்.

பேருந்து நிலையச் சந்திப்புக்கு ஈராண்டுக்குப்பின், அந்தச் சரக்கு வண்டி எங்கள் கல்லூரி வாயிலில் வந்து நின்றது. தன் தங்கையைச் சேர்க்க வந்திருந்தான். அவள் 800 மீட்டர் ஓடுபவள். அவன் கேட்ட முதற்கேள்வி, "ஐயா, இவள் கணக்கை யார் எழுதுவார்கள்?" என்பதுதான்.

"நான் எழுதுகிறேன், தம்பி" என்றேன். ஓர் ஏட்டை வாங்கி அவன் கண்முன்னே அவள் பெயரை எழுதினேன்.

மூன்றாம் பருவத்தில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஓட்டப்போட்டியும் ஒரு தேர்வும் ஒரே நாளில் வந்தன. நான் முடிவு சொல்லவில்லை. தேர்வை விட்டால் அடுத்த பருவத்தில் எத்தனை தாள் எழுத நேரும், போட்டியை விட்டால் எப்போது மீண்டும் வாய்ப்பு வரும் என்பவற்றை மட்டும் எழுதிக் காட்டினேன். அவள் ஓடச் சென்றாள். இறுதிச் சுற்றை எட்டவில்லை. விட்ட தாளை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினாள். அரியர் என்று மாணவர் அஞ்சும் நிலுவைதான் அதுவும். ஆனால் அவள் அறிந்து ஏற்ற நிலுவை. அவள் அண்ணனுக்கு வந்ததோ அறியாமல் விழுந்த நிலுவை. ஆலோசனை செய்யக்கூடியது இவ்வளவே: மாணவர் தம் முடிவைக் கண் திறந்து எடுக்கும்படி செய்வது.

இன்று அவள் பட்டமும் உடற்கல்விப் பட்டமும் பெற்று ஒரு பள்ளியில் பணிபுரிகிறாள். ஓட வரும் சிறுமியர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஏடு வைத்திருப்பதாகச் சொன்னாள். என் இழுப்பறையில் இப்போது தாள் எதுவும் தங்குவதில்லை. அன்று தங்கிப்போன பத்து நாட்களின் சான்றுகளை மட்டும் நான் எறியவில்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் ஆசிரியர் எவரேனும் வந்தால் அவற்றை எடுத்துக் காட்டுவேன்.